காடைத் தீவனத்தில் எண்ணெய்: வேலூர்ப் பக்கத்துப் பண்ணையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் தீவனக் கலவைக் கடை வைத்திருக்கிறேன். கொல்லையில் கூண்டு போட்டுக் காடை வளர்ப்பவர்கள் பெருகியதிலிருந்து எண்ணெய் பற்றிய கேள்விகளுக்குக் குறைவில்லை. பள்ளிகொண்டாக்காரர் காலையில் கேட்டதை வாலாஜாக்காரர் மாலையில் கேட்கிறார். தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன்.

இங்கே காடை என்பது ஜப்பானியக் காடை. நந்தனம், நாமக்கல் என்று நாம் வாங்கும் ரகங்கள் எல்லாம் அதன் வழி வந்தவை. காட்டுக் காடையைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். அதைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம்.

காடை சின்னப் பறவை. மக்காச்சோளமும் சோயாவும் போட்டால் போதாதா? எண்ணெய் எதற்கு?

சின்னப் பறவை என்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது. பொரித்த அன்று 7, 8 கிராம் இருக்கும் குஞ்சு, 5 வாரத்தில் 180 முதல் 200 கிராமைத் தொடுகிறது. இந்த வேகத்துக்கு வளரும் பருவத் தீவனத்தில் புரதம் 24 சதவீதமும் எரிசக்தி கிலோவுக்கு 2900 கிலோ கலோரியும் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் அளவு. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 54, சோயாப் புண்ணாக்கு 43, தாது உப்பு, வைட்டமின் எல்லாம் சேர்த்து 3 என்று போட்டுப் பாருங்கள். புரதம் 24 வந்துவிடும். எரிசக்தி 2770 அளவில் நின்றுவிடும். சோளத்தைக் கூட்டினால் புரதம் இறங்கும், சோயாவைக் கூட்டினால் எரிசக்தி இறங்கும். குறைகிற அந்த 130 கிலோ கலோரியை நிரப்ப இரண்டு, இரண்டரை கிலோ எண்ணெய் போதும். கிலோவுக்குச் சோளம் ஏறக்குறைய 3300 கிலோ கலோரி கொடுத்தால் எண்ணெய் 8800 கொடுக்கிறது.

இன்னொரு காரணம் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். காடையின் உடலால் இதைத் தயாரிக்க முடியாது. தீவனத்தில் 1 சதவீதமாவது இருந்தாக வேண்டும். மக்காச்சோளம் பாதிக்கு மேல் இருக்கும் தீவனத்தில் இது தானாகவே கிடைத்துவிடும். சோளம் விலை ஏறியதும் ஆரணி, ஆற்காடு பக்கத்து நொய்யை அள்ளிப் போடுகிறார்களே, அவர்களுக்குத்தான் குறையும். நொய்யில் கொழுப்பே கிடையாது என்று சொல்லிவிடலாம். இவை தவிர, எண்ணெய் சேர்த்தால் தீவனத் தூசி அடங்கும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேரவும் கொழுப்பு வேண்டும்.

அண்ணா, நான் கம்பெனி மூட்டைதான் போடுகிறேன். அதன் மேல் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே?

வேண்டாம். மூட்டைத் தீவனத்தில் எண்ணெய் ஏற்கெனவே கணக்குப் பார்த்துச் சேர்த்திருப்பார்கள். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று இருக்கும், படித்துப் பாருங்கள். அதன் மேல் நீங்கள் ஊற்றினால் எரிசக்தி ஏறும், பறவை தின்பது குறையும், புரதமும் கால்சியமும் அந்த அளவுக்குக் குறைவாகவே உள்ளே போகும். இனி வரும் பதில்களெல்லாம் சொந்தமாகக் கலப்பவர்களுக்கு.

சரி, எவ்வளவு சேர்க்க வேண்டும்? ஒருவர் 1 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 5 என்கிறார்.

வளரும் காடைக்கு 2 முதல் 3 சதவீதம். முட்டையிடும் காடைக்கு 1 முதல் 2. கையால் கலக்கும் தீவனத்தில் 4-ஐத் தாண்டினால் ஈரம் பிடித்ததுபோல் கட்டிக்கொள்ளும், சீக்கிரம் சிக்குவாடையும் வரும்.

முட்டைக் காடைக்கு ஏன் குறைவு? 20 சதவீதப் புரதத்தோடு சுண்ணாம்பும் சேர்த்துச் சோளம், சோயாவில் கலந்தாலே எரிசக்தி 2700 வந்துவிடும். கூண்டில் அடைந்து கிடக்கும் பறவைக்கு அது போதும் என்பது என் கருத்து. அதில் 2 கிலோ சோளத்தை எடுத்துவிட்டு 2 கிலோ எண்ணெய் போட்டால் 2810 ஆகும். நூற்றுக்கு நான்கு பங்கு கூடுகிறது. நாளைக்கு 26 கிராம் தின்ற காடை 25 கிராமோடு நிறுத்திக்கொள்ளும். எண்ணெய் சேர்க்கும்போது இந்த ஒரு கிராமை மறக்கக் கூடாது. பின்னால் ஓடு பற்றிய கேள்வியில் இது மறுபடியும் வரும்.

எங்கள் ஊரில் கடலை எண்ணெய்தான் கிடைக்கிறது. அதையே போடலாமா? எந்த எண்ணெய் நல்லது?

போடலாம், ஆனால் பணம் வீண். ஒரு கிலோ எண்ணெய் தரும் எரிசக்தி ஏறக்குறைய 2.6 கிலோ சோளத்துக்குச் சமம். எரிசக்திக்காக மட்டும் எண்ணெய் சேர்ப்பதென்றால், அதன் விலை சோளத்தின் விலையைப்போல 2.6 மடங்குக்குள் இருந்தால்தான் கட்டுபடியாகும். சோளம் கிலோ 25 ரூபாய் என்றால் எண்ணெய் 65 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். அந்த விலைக்குச் செக்குக் கடலை எண்ணெயை யார் தருவார்கள்? முதல் பதிலில் சொன்னதுபோல், வளரும் காடைக்கு வேறு வழியில்லாமல்தான் எண்ணெய் சேர்க்கிறோம். சேர்ப்பதை மலிவான, சுத்தமான எண்ணெயாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

லினோலிக் அமிலம் சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சோயாவில் 50-க்கு மேல், நல்லெண்ணெயில் 40-க்கு மேல். தவிட்டெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு, கடலை எண்ணெயில் அதை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோ. பாமாயிலில் பத்தில் ஒரு பங்குதான், தேங்காய் எண்ணெயில் பெயருக்கு. நான் கலப்பது சுத்திகரித்த சோயா எண்ணெய். அது கிடைக்காத வாரம் தவிட்டெண்ணெய். பாமாயில் வளர்ந்த பறவைக்கு எரிசக்தி தரும், குஞ்சுக்கு வேண்டாம். பருத்திவிதை எண்ணெயைக் கச்சாவாக முட்டைக் காடைக்குக் கொடுக்கவே கூடாது. முட்டையை வைத்திருந்து உடைத்தால் வெள்ளைக் கரு இளஞ்சிவப்பாகவும் மஞ்சள் கரு பச்சை கலந்தும் இருக்கும். நல்லெண்ணெயில் எந்தக் குறையும் இல்லை. அதைக் காடைக்கு ஊற்ற மனம் வருகிறவர் ஊற்றலாம்.

செக்கில் எண்ணெய் தெளிய வைத்த பிறகு அடியில் நிற்கும் கசடு சும்மா கிடைக்கிறது. அதைக் கலக்கலாமா தம்பி?

ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் தவறாமல் கேட்பது இது. என் பதில், கூடாது. மானாவாரிக் கடலை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் காயில் பூஞ்சை ஏறும். அந்தப் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கிலும் எண்ணெயின் கசடிலும்தான் தங்கும். தெளிந்த, வடிகட்டிய எண்ணெயில் குறைவு, சுத்திகரித்த எண்ணெயில் மிகக் குறைவு. ஆக, சும்மா கிடைக்கும் அந்தக் கசடில்தான் நஞ்சு அதிகம்.

இந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். தீனி குறையும், முட்டை குறையும், இறந்த காடையை அறுத்தால் ஈரல் வெளுத்து, வீங்கி, தொட்டால் உதிர்வதுபோல் இருக்கும். கொதிக்க வைத்தாலும் வெயிலில் காய வைத்தாலும் போகாது. புண்ணாக்கின் மேல் சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்க்கலாம். மூட்டையின் ஒரே இடத்தில் அள்ளாதீர்கள். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். பூஞ்சை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பிடிப்பதில்லை.

நான் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போடுகிறேன். அதிலேயே எண்ணெய் இருக்கிறதே, அது கணக்கில் வராதா?

வரும். இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியவர்கள் அதிகம். செக்குப் புண்ணாக்கில் 8 சதவீதம்வரை எண்ணெய் நிற்கும், சில செக்கில் அதற்கு மேலும். ஆலையில் கரைப்பான் வைத்து எண்ணெய் எடுத்த புண்ணாக்கில் 1 சதவீதம்தான். பச்சரிசித் தவிட்டில் 12 முதல் 18 சதவீதம், புழுங்கலரிசித் தவிட்டில் 20-ஐத் தாண்டுவதும் உண்டு, எண்ணெய் நீக்கிய தவிட்டில் 1. நீங்கள் 100 கிலோவுக்கு 10 கிலோ பச்சைத் தவிடும் 15 கிலோ செக்குப் புண்ணாக்கும் போட்டால் இரண்டரை கிலோவுக்கு மேல் எண்ணெய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதற்காக எரிசக்தி நிறைந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தவிட்டில் நார் அதிகம், அது கலோரியை இறக்கிவிடும். லினோலிக் அமிலக் கவலை மட்டும் தீரும்.

ஒரு எச்சரிக்கை. பச்சரிசித் தவிடு மில்லில் விழுந்த நிமிடத்திலிருந்தே கெடத் தொடங்குகிறது. அதிலுள்ள நொதியே எண்ணெயை உடைத்துவிடும்; சில நாளில் நாக்கில் வைத்தால் காறும். புழுங்கலரிசித் தவிடு, நெல் வெந்ததால் அந்த நொதி செயலிழந்து, கூடுதல் நாள் தாங்கும்.

கலந்தால் உருண்டை உருண்டையாக நிற்கிறது. காடை உருண்டையை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்கிறது. என்ன செய்வது?

மொத்தத் தீவனத்தின் மேல் எண்ணெயை ஊற்றியிருப்பீர்கள். 100 கிலோவுக்கு 2 கிலோ எண்ணெய் என்றால், சோயாப் புண்ணாக்கு மாவிலிருந்து 10 கிலோவைத் தனியாக எடுங்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, மாவை நடுவில் குழித்து, எண்ணெயை மூன்று நான்கு தவணையாக விட்டு, புட்டுக்கு மாவு பிசிறுவதுபோல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்துப் பிசிறுங்கள். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிறகு அரிசி சலிக்கும் சல்லடையில் தேய்த்துச் சலித்தால் ஒரு கட்டிகூடத் தங்காது. சோளம், மீதிச் சோயா, சுண்ணாம்பு, வைட்டமின் எல்லாவற்றையும் உலர்வாகக் கலந்து முடித்த பிறகு, கடைசியில் இந்த எண்ணெய் மாவைத் தூவிப் புரட்ட வேண்டும். வைட்டமின் பொடியை நேரடியாக எண்ணெயில் கரைக்காதீர்கள்; ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மார்கழியில் பாமாயிலும் தேங்காய் எண்ணெயும் உறைந்து நிற்கும். டின்னை வெந்நீரில் வைத்து இளக்கிவிட்டுச் சேருங்கள், அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். கலந்த தீவனத்தை வெயில் காலத்தில் நான்கைந்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். சிக்கனம் என்று மாதத்துக்கு மொத்தமாகக் கலந்து வைப்பவர்களுக்கு எண்ணெய் சேர்ப்பதே தண்டம்.

குஞ்சு வந்த முதல் நாளே எண்ணெய்த் தீவனம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அளவைக் குறைத்து. முதல் வாரம், பத்து நாளில் குஞ்சுக்குப் பித்த நீரும் கொழுப்பைச் செரிக்கும் நொதியும் முழுதாகச் சுரப்பதில்லை. அதிலும் பாமாயில், தேங்காய் எண்ணெய்போல உறையும் கொழுப்பை ஜீரணிக்க முடியாமல் எச்சத்தில் விட்டுவிடும். பின்பக்கம் பசைபோல ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் பத்து நாள் 1 சதவீதம் சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெய், அதன் பிறகு மேலே சொன்ன அளவுக்கு ஏற்றலாம்.

குஞ்சு சாகிறது என்றதும் தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறார்கள். முதலில் கூட்டின் சூட்டைப் பாருங்கள்; முதல் வாரம் 35 டிகிரிக்குக் குறையக் கூடாது. பிறகு தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் பார்த்தவரை, சூடு குறைந்தும் தண்ணீரில் விழுந்தும் போகும் குஞ்சுகள்தான் அதிகம்.

பஜ்ஜிக் கடை எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது. மனிதர் தின்றதைத்தானே காடை தின்னப் போகிறது?

மனிதரே தின்னக் கூடாது என்று ஒதுக்கிய எண்ணெய் அது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு 2018-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அப்படிக் கழித்த எண்ணெயைப் பயோடீசல் தயாரிக்கச் சேகரிக்கும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. அது போக வேண்டிய இடம் என்ஜின், காடையின் வயிறு இல்லை.

அந்த எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யை அழிக்கும். வைட்டமின் ஈ குறைந்த குஞ்சு தலையைப் பின்னுக்கு வளைத்து, நிலை தடுமாறி விழும். முட்டைக் காடையில் கருக்கூடுவதும் பொரிப்பதும் குறையும். மலிவாக வாங்கிய எண்ணெயால் இப்படி நஷ்டப்பட்ட பிறகு, வைட்டமின் ஈ மருந்து வாங்க என் கடைக்கே வருகிறார்கள். விற்கிறேன், வேறென்ன செய்வது.

கத்திரி வெயிலில் எண்ணெய் கொடுத்தால் சூடு பிடித்துச் செத்துவிடாதா ஐயா?

எண்ணெய் சூடு என்று எல்லோரும் நம்புகிறோம். பறவையின் உடலில் நடப்பது நேர்மாறு. எந்தத் தீனியும் செரிக்கும்போது உடலில் கொஞ்சம் வெப்பம் உண்டாகும். புரதம் செரிக்கும்போது அது மிக அதிகம், மாவுச்சத்துக்கு அதைவிடக் குறைவு, கொழுப்புக்கு எல்லாவற்றையும்விடக் குறைவு. வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது காடை வாயைத் திறந்து இளைக்கிறது, தீனியைக் குறைத்துக்கொள்கிறது. தின்கிற கொஞ்சத்தில் எரிசக்தி கூடுதலாகவும் உள்வெப்பம் குறைவாகவும் இருக்க எண்ணெய் உதவும். ஆண்டு முழுவதும் முட்டைக் காடைக்கு எண்ணெய் சேர்க்காதவர்களுக்குக்கூட, பங்குனியிலிருந்து ஆனிவரை 2 சதவீதம் சேர்க்கலாம் என்று சொல்கிறேன்.

ஆனால் ஓட்டுக் கொட்டகைக்குள் காற்றில்லாமல் அடைத்துவிட்டு எண்ணெயை நம்பினால் பலன் கிடையாது. கூரைமேல் தென்னங்கீற்று, பக்கத்தில் நனைத்த சாக்கு, மதியம் ஒரு முறை தண்ணீர் மாற்றுவது இவை முதலில். தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். அந்த மாதங்களில் எண்ணெய் சேர்த்த தீவனம் நான்கைந்து நாளுக்கு மேல் தாங்காது.

எண்ணெய் சேர்த்தால் முட்டை பெரிதாகுமா? மஞ்சள் கரு நிறம் ஏறுமா?

லினோலிக் அமிலம் குறைவாக இருந்த தீவனத்தில் சேர்த்தால் முட்டை எடை கொஞ்சம் ஏறும். ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் பெரிதாக மாற்றம் இருக்காது. 10 கிராம் முட்டை 12 கிராம் ஆக ரகமும் வயதும் வேண்டும்.

நிறம் எண்ணெயில் இல்லை. மஞ்சள் சோளம், முருங்கைக் கீரைப் பொடி, அகத்தி, சாமந்தி இவற்றிலுள்ள நிறமியால் வருவது. அந்த நிறமி குடலில் சேர எண்ணெய் துணை செய்யும், அவ்வளவுதான். நொய்யோடு எண்ணெய் கலந்து போட்டுவிட்டுக் கரு வெளுத்திருக்கிறது என்றால் நான் என்ன சொல்ல?

எண்ணெய் சேர்த்ததிலிருந்து முட்டை ஓடு மெலிந்துவிட்டது. தட்டில் வைத்தாலே விரிசல் விடுகிறது. எண்ணெய்தான் காரணமா?

பாதிக் காரணம். 26 கிராம் 25 ஆகும் என்று மேலே சொன்னேனே, அதுதான் இது. தீனி குறைந்தால் கால்சியமும் குறையும். முட்டைக் காடைத் தீவனத்தில் கால்சியம் 2.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எண்ணெய் சேர்த்தால் சற்றுக் கூட்டியே வையுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் மாலையில் வைத்தால் தேவையான பறவை எடுத்துக்கொள்ளும். ஓடு உருவாவதில் பெரும்பகுதி ராத்திரியில்தான்.

இன்னொரு வழியிலும் எண்ணெய் கால்சியத்தைப் பறிக்கும். கெட்டுப்போன எண்ணெயிலும் உறையும் கொழுப்பிலும் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். இரண்டும் உடலில் சேராமல் எச்சத்தில் வெளியேறும். ஆகவே அளவைப் பார்ப்பதற்கு முன் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். எள்ளுப் புண்ணாக்கு அதிகம் போடுபவர்களுக்கு இது இரட்டைச் சிக்கல், அதிலுள்ள பைட்டேட்டும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆளி விதை எண்ணெய் கொடுத்து "ஒமேகா முட்டை" என்று கூடுதல் விலைக்கு விற்கலாமா?

முட்டை மாறுவது உண்மை. பறவை தின்னும் கொழுப்பு எதுவோ அதுவே மஞ்சள் கருவில் போய்ச் சேரும். ஆளி எண்ணெய் கொடுத்தால் இரண்டு வாரத்தில் கருவில் ஒமேகா 3 ஏறியிருக்கும். அதிகம் கொடுத்தால் மீன் வாடை வரும். ஆளி எண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட வேகமாகக் கெடும், கூடவே வைட்டமின் ஈ-யும் கூட்ட வேண்டும். விற்கும்போது பெட்டியில் ஒமேகா என்று அச்சடித்தால் பரிசோதனை அறிக்கை கையில் இருக்க வேண்டும். 200 காடை வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு கட்டாது என்பது என் கணக்கு.

வாங்கும் இடத்தில் கவனம் தேவை. ஹார்டுவேர் கடையில் பெயிண்டுக்கு விற்கும் "பாயில்டு லின்சீட் ஆயில்" ஆளி விதை எண்ணெய்தான், ஆனால் சீக்கிரம் உலர உலோக உப்புகள் சேர்த்தது. அதைத் தீவனத்தில் கலக்கவே கூடாது. கொழுப்புச்சத்து குறைந்த முட்டை என்று சொல்லி விற்பதும் வேண்டாம். எந்த எண்ணெய் கொடுத்தாலும் முட்டையின் கொலஸ்ட்ரால் பெரிதாக இறங்குவதில்லை.

குடற்புழுவுக்கு வேப்பெண்ணெய் கலக்கலாமா? புங்கெண்ணெய், விளக்கெண்ணெய்?

தீவனத்தில் மூன்றும் வேண்டாம். வேப்பெண்ணெய் கசப்பால் தீனி குறையும், இனப்பெருக்கத்தையும் பாதிக்கும். முட்டைக்காக வளர்ப்பவர் அதைக் கொடுப்பானேன்? புங்கெண்ணெயில் நஞ்சுத்தன்மை உண்டு. விளக்கெண்ணெய் பேதியாக்கும். பூஜைக் கடையில் தீபத்துக்கென்று விற்கும் எண்ணெயையும் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். பாட்டிலிலேயே உண்பதற்கு அல்ல என்று எழுதியிருந்தது.

வேப்பெண்ணெய்க்கு வேறு வேலை கொடுக்கலாம். கொட்டகையின் மரச் சட்டம், மூங்கில் இடுக்கில் பேன், உண்ணி ஒளிந்திருந்தால் அங்கே பூசுங்கள். பறவைமேல் பூச வேண்டாம்.

ஓம எண்ணெய், தைல எண்ணெய், கருஞ்சீரக எண்ணெய் கொடுத்தால் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்கிறார்களே?

ஓம எண்ணெயும் தைலமும் வேறு வகை. இதுவரை பேசிய எண்ணெய்கள் எரிசக்திக்கு, கிலோக் கணக்கில் சேர்ப்பவை. ஓமம், கிராம்பு, லவங்கப்பட்டை, யூக்கலிப்டஸ் இவற்றின் எண்ணெய் ஆவியாகும் சாரம்; கிராம் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால் 100 கிலோத் தீவனத்துக்கு 20 கிராம். அதைத் தாண்டினால் வாடைக்கே காடை தீனியைத் தொடாது. கருஞ்சீரக எண்ணெய் இரண்டுக்கும் இடைப்பட்டது, விலையைக் கேட்டாலே ஆசை போய்விடும்.

ஓமத்திலுள்ள தைமால் கிருமியைக் கட்டுப்படுத்துவது உண்மை. காடையில் இப்படிப்பட்ட சாரங்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலவற்றில் எடை ஏறியது, சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லை. சுத்தமான கொட்டகையில் பலன் குறைவாகத் தெரிவது இயல்பு. நோய் வந்த பிறகு மருந்துக்குப் பதிலாகக் கொடுப்பது தவறு. அதேபோல், நோயே இல்லாமல் ஆன்டிபயாடிக் பொடியைத் தீவனத்தில் கலப்பதும் தவறு. கொலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்த 2019-லேயே மத்திய அரசு தடை விதித்துவிட்டது. பழைய சரக்கு இருக்கிறதா என்று இன்னமும் கேட்கிறார்கள்.

எண்ணெயைக் குடிதண்ணீரில் விட்டால் கலக்கும் வேலை மிச்சமாகுமே?

எண்ணெய் மிதக்கும், முதலில் குடிக்கும் பறவைக்கு எல்லாம், மற்றவற்றுக்கு வெறும் தண்ணீர். நிப்பிள் அடைத்துக்கொள்ளும், குழாய்க்குள் வழவழவென்று பாசிபோலப் படியும். இறகில் பட்டால் தூசி ஒட்டும்.

கறிக்காடையில் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தொங்குகிறது என்று ஓட்டல்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். எண்ணெயைக் குறைக்க வேண்டுமா?

முதலில் வயதைச் சொல்லுங்கள். 5 வாரத்தில் விற்க வேண்டியதை விலை ஏறட்டும் என்று 7, 8 வாரம் வைத்திருந்தால், வளர்ச்சி நின்ற பறவை தின்பதெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும். ஆம்பூர், வாணியம்பாடி ஓட்டல்களுக்குப் பொரிக்கத் தோதான அளவில் சதை இருந்தால் போதும், கொழுப்பு வாணலியில் உருகி எடையைத்தான் குறைக்கும். வயது சரி என்றால் புரதத்தைப் பாருங்கள். புரதம் குறைந்து எரிசக்தி கூடினாலும் இதே கதைதான்.

எண்ணெயின் வகையும் தெரியும். சூரியகாந்தி, சோயா எண்ணெய் அதிகம் கொடுத்த பறவையின் கொழுப்பு இளகி, கையில் ஒட்டும். குளிர்ப்பெட்டியிலும் சீக்கிரம் வாடை வரும். விற்பதற்கு முந்தின வாரம் எண்ணெயை 1 சதவீதமாக இறக்குங்கள். ஆளி எண்ணெய் கொடுத்திருந்தால் அதை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும்.

டின்னில் இருக்கும் எண்ணெய் கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்து, கை சூடேறியதும் முகருங்கள். பழைய அப்பளம், பெயிண்ட் வாடை வந்தால் வேண்டாம். நாக்கு நுனியில் வைத்தால் தொண்டையில் காறும். டின்னின் வாய் ஓரத்தில் பிசுக்கு இழுத்தால் அதுவும் அடையாளம். வாங்கும்போது ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். 1000 காடைக்கு நாளைக்கு 25 கிலோ தீவனம், 2 சதவீதம் என்றால் அரை கிலோ எண்ணெய். ஒரு 15 கிலோ டின் மாதத்துக்குச் சரியாக இருக்கும். வெயில் படாத இடத்தில், மூடி இறுக்கி, செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் படாமல் வையுங்கள். அந்த உலோகங்கள் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். பழைய எண்ணெய் மீதமிருக்கும் டின்னில் புதிதை ஊற்றிக் கலக்கவே கூடாது.

நீங்கள் சொல்வது ஒன்று, கூண்டுக்குக் கூண்டு கிடைக்கும் பலன் வேறு. எனக்கு எண்ணெய் லாபமா நஷ்டமா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். ஒரே நாளில் பொரித்த காடைகளை இரண்டு கூண்டில் சம எண்ணிக்கையில் பிரியுங்கள். மூன்று வாரத்தில் மார்பு இறகைப் பார்த்து ஆண், பெண் தெரிந்துவிடும். செம்பழுப்பாக ஒரே நிறம் என்றால் ஆண், கரும்புள்ளி இருந்தால் பெண். இரண்டு கூண்டிலும் ஆண், பெண் சமமாக இருக்கட்டும். இரண்டும் ஒரே வரிசையில், ஒரே விளக்கு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் எண்ணெயினால் வந்ததா வெளிச்சத்தினால் வந்ததா என்று தெரியாது.

ஒன்றுக்கு எண்ணெய்த் தீவனம், மற்றதற்கு எண்ணெய் இல்லாதது. தினமும் வைத்த தீவனத்தையும் மறுநாள் மிஞ்சியதையும் நிறுத்து எழுதுங்கள். சிந்தியதையும் கூட்டி எடுத்து நிறுக்க வேண்டும், காடை அலகால் வாரி இறைப்பதே கணக்கைக் கெடுக்கும். முட்டைக் காடை என்றால் எண்ணிக்கையோடு பத்துப் பத்து முட்டையாக எடையும் போடுங்கள், முதல் இரண்டு வாரக் கணக்கை விட்டுவிட்டு அடுத்த நான்கு வாரத்தைப் பாருங்கள். கறிக்காடை என்றால் பிரித்த அன்றும் 5 வாரம் முடிந்த அன்றும் எடை. தின்ற தீவனத்தின் விலையைக் கிடைத்த முட்டையின் எடைக்கோ கூடிய உடல் எடைக்கோ வகுத்துப் பார்த்தால் எந்தக் கூண்டு மலிவு என்று தெரிந்துவிடும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேலூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ சந்தேகம் கேட்கப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். என் கடைக்கு வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பேன்.